ஹரிஸ் பார்க்கில் தோசைக்கு முன்னால்

ஹரிஸ் பார்க் என்றால் சிட்னித் தமிழருக்கு இப்போது மசாலா தோசைதான். விக்ரம் ஸ்ட்ரீட் முழுக்க இந்தியக் கடைகள். எனக்கு அது இன்னும் லெபனான்காரரின் இடம். அங்கே இருக்கும் லெபனான் மாதா கோயிலில்தான் 2001இல் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. பிறகு மேஸ் ஹில் முருகன் கோயிலில் இன்னொரு தடவை. அத்தானுக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட் கட்டிவிட்டோம்.

“அரபிக்காரனையா கட்டப்போகிறாள்?” என்று கேட்காத சொந்தக்காரர் குறைவு. வெள்ளைக்காரன் என்றால் அந்தக் குரலில் கேட்டிருக்கமாட்டார்கள். அத்தான் வீட்டார் லெபனானின் மரோனைட் கத்தோலிக்கர், பூசையில் இன்றும் சிரியாக் மொழியில் செபம் சொல்பவர்கள் என்று விளக்கப்போவேன். முஸ்லிம்களாக இருந்தால்தான் என்ன என்று கேட்டிருக்கவேண்டும். அந்தத் தைரியம் அப்போது எனக்கு இல்லை.

அத்தானின் அப்பா அம்மா வட லெபனானில் ஸ்கார்த்தா பக்கத்து மலைக் கிராமத்தவர். 1975இல் உள்நாட்டுச் சண்டை தொடங்கியது. மறு வருஷம் இங்கே ஃபிரேசர் அரசாங்கம் லெபனான்காரருக்கு விசா விதிகளைத் தளர்த்தியபோது வந்து இறங்கினார்கள். நாங்கள் இலங்கையிலிருந்து, 83 கலவரத்துக்குப் பிறகு. அத்தானின் அம்மாவை எல்லாரும் தேத்தா என்போம். லெபனானில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மருமகன் பிறந்தபோது தேத்தா அவனைத் தூக்கிக் கொஞ்சி, “துபுர்னி, துபுர்னி” என்றார். அர்த்தம் கேட்ட அம்மாவுக்கு அத்தான் சொன்னார்: “நீ என்னைப் புதைக்கவேண்டும்.” அம்மா திடுக்கிட்டுப் போனா. பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு சாவுப் பேச்சா? நீ இல்லாத உலகத்தில் நான் ஒரு நாளும் இருக்கக்கூடாது என்பதுதான் அது என்று அத்தான் விளக்கினார். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஓ, எங்கட கொள்ளி வைக்கிற பிள்ளை” என்றா. அதோடு இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை, அது ஒரு தடையாகவே இல்லை.

2006 ஜூலையில் இஸ்ரேலுக்கும் ஹிஸ்புல்லாவுக்கும் சண்டை மூண்டது. 34 நாள். வடக்கே போகும் கடற்கரைச் சாலையின் பாலங்களிலும் குண்டு விழுந்தது. தேத்தாவின் தங்கை ஊரில்தான் இருந்தார். நாங்கள் ஒரே ஒரு தடவை போன் பண்ணினோம். அதே வருஷம் ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை முகமாலையில் மூடப்பட்டது, எங்கள் கவலை எங்களுக்கு என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் அவர்கள் வீடு காரில் பத்து நிமிஷம்.

2009 மே. சின்னம்மா வன்னியில். போன் கிடைக்கவில்லை. அம்மா மூன்று நாளாகத் தொலைக்காட்சி முன்னால் இருந்தா. தேத்தா சொல்லாமல் கொள்ளாமல் வந்தார், கையில் பெரிய பானை. மஜத்ரா: முழு மைசூர்ப் பருப்பும் அரிசியும் சேர்த்து அவித்து, ஒலிவ் எண்ணெயில் கருகக் கருக வதக்கிய வெங்காயம் மேலே. வெள்ளிக்கிழமை மச்சம் தின்னாத நாளில் அவர்கள் வீட்டில் செய்வது. அம்மாவும் வெள்ளிக்கிழமை மரக்கறி என்பதை ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். டிவியை நிறுத்து என்று சொல்லவில்லை. “பார். சாப்பிட்டுக்கொண்டே பார்” என்றார். பதினாலு வருஷம் இங்கிருந்தபடி ஊர்ச் சண்டையைப் பார்த்த மனுஷி. இரவு பன்னிரண்டு வரை பக்கத்தில் இருந்துவிட்டுப் போனார். 2006ஐப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

அம்மா பானையைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் பானையாகக் கொடுக்கவில்லை. ஒரு கறிவேப்பிலைக் கன்றும் கொண்டுபோனா. தேத்தா அதைத் தன் திராட்சைக் கொடிப் பந்தலுக்குப் பக்கத்தில் நட்டார். கொஞ்ச நாளில் மஜத்ரா வெங்காயத்தோடு கறிவேப்பிலையும் பொரியத் தொடங்கியது.

தேத்தா போன வருஷம் போய்விட்டார். நாற்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் கிரான்வில்லில் ஒரு லெபனான் கடையில் சாப்பிட்டோம். மருமகன் மஜத்ரா தட்டைக் கிளறிப் பார்த்துவிட்டு, பரிமாறியவரைக் கூப்பிட்டுக் கேட்டான்: “இதில் இலையைக் காணோமே?”