பதிவு செய்து வைத்தால் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டத்தில் ஒரு பேராசிரியர் பேசினார். அமெரிக்கப் பழங்குடி மொழியான செரோக்கியைப் பேசுவதற்கு ஏறக்குறைய 2,000 பேர்தான் மிச்சமாம். அவர்கள் குரலைப் பதிவு செய்து வைத்தால் போதாதா, மொழியைக் கற்பிக்க இத்தனை செலவு எதற்கு என்றார். அதற்குக் கைதட்டல் வேறு. மூன்று நாளாக மனம் ஆறவில்லை.

பதிவு பேசும். பதில் கேட்காது.

செரோக்கியருக்குப் பதிவுக்கா பஞ்சம்? செக்வோயா என்ற செரோக்கியர் 1821இலேயே மொழிக்கு எழுத்து தந்துவிட்டார். 1828இல் சொந்தச் செய்தித்தாள். 1975இல் மொழியறிஞர் டர்பின் ஃபீலிங்கின் அகராதி. 2010இல் ஐபோனிலும் அந்த எழுத்து வந்துவிட்டது. அப்படியும் 2019இல் மூன்று செரோக்கிப் பழங்குடி அரசுகளும் கூடி, மொழிக்கு நெருக்கடி நிலை அறிவித்தன. ஆங்கிலத்தைத் திணித்த விடுதிப் பள்ளிகளில் தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கிய குழந்தைகள், தாங்கள் பெற்ற பிள்ளைகளிடம் அதைப் பேசப் பயந்தார்கள். அறுந்தது அங்கேதான்.

அதனால்தான் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் செரோக்கி பேசும் மூத்தவர்களோடு வாரம் 40 மணி நேரம், இரண்டு ஆண்டு உட்கார்ந்து பேசிப் பழக, கற்பவர்களுக்குப் பணம் தருகிறார்கள். வீண் செலவா இது? செரோக்கியில் ஒரு பொருளைக் கையில் கொடுப்பதற்கு, அது உயிருள்ளதா, நீளமானதா, துணிபோல் மடங்குவதா, நீர்மமா என்று பார்த்து வினைச்சொல்லே மாறும். இதை அகராதியில் மனப்பாடம் செய்ய முடியுமா? காக்கையும் ஆந்தையும் தோற்ற பிறகு நீர்ச்சிலந்தி கிண்ணம் பின்னி, முதுகில் நெருப்பைச் சுமந்து வந்த செரோக்கிக் கதையைப் பாட்டி சொல்ல, பேத்தி இடையில் புகுந்து கேட்டால் படியும்.

'ஆங்கிலம் இருக்கிறதே, வாழ்க்கைக்கு அது போதாதா' என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. 'உனக்கு ஏன் இவ்வளவு கோபம்' என்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

நான் மதுரை சௌராஷ்டிரக் குடும்பம். பாட்டி எங்கள் மொழியில் கேட்பார், நான் தமிழில் பதில் சொல்வேன். அவர் பேச்சு பாதிதான் புரியும். யாரும் என்னை அடிக்கவில்லை, நானாகவே விட்டேன். அவர் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. என் கைப்பேசியில் அவர் குரல் பதினோரு நிமிடம் இருக்கிறது, பேராசிரியர் சொன்ன அதே பதிவு. கடைசியில் அவர் என்னவோ கேட்கிறார். நான் "சரி பாட்டி" என்கிறேன்.

கூட்டம் முடிந்து வந்த அன்று அத்தையிடம் அதைப் போட்டுக் காட்டினேன்.

"மறுபடி எப்போது வருவாய் என்று கேட்கிறார்" என்றார் அத்தை.