சத்தமே இல்லாமல் செத்துப்போகும் டாஸ்க்

எங்கள் ஜாவா புரோகிராமில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓட வேண்டிய ஒரு டாஸ்க் வெள்ளிக்கிழமை இரவே செத்துவிட்டது. எங்களுக்குத் தெரிந்தது திங்கட்கிழமை காலையில். சர்வர் நன்றாக இருக்கிறது, மெமரி சரி, மற்ற த்ரெட்கள் (புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை பார்க்கும் இழைகள்) எல்லாம் ஓடுகின்றன. நடப்பதைப் பதிந்துவைக்கும் லாகில் ஒரு வரி எரர் கூட இல்லை!

டாஸ்குகளை நேரம் வைத்து ஓட்டும் ஜாவாவின் ஷெட்யூல்ட் எக்ஸிகியூட்டரில் 'ஃபிக்ஸ்ட் ரேட்' (குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப) என்று போட்ட டாஸ்க், ஒரே ஒரு தடவை எக்ஸெப்ஷன் வீசினால், அதாவது பிழை என்று பாதியில் விழுந்தால் போதும், அதற்கப்புறம் ஓடவே ஓடாது. அந்த எக்ஸெப்ஷனும் டாஸ்கின் முடிவை வைத்திருக்கும் ஃபியூச்சருக்குள் போய் ஒளிந்துகொள்ளும், முடிவைக் கேட்டுக் காத்திருக்கும் கெட்டைக் கூப்பிட்டால்தான் வெளியே வரும். முடிவே இல்லாமல் ஓட வேண்டிய டாஸ்குக்கு கெட் கூப்பிட்டு யார் காத்துக்கொண்டு நிற்பார்கள்?

'டாகுமென்டேஷனில் இருக்கிறதே' என்கிறார்கள். இருக்கிறது, நானும் படித்தேன். எழுதி வைத்துவிட்டால் சரியாகிவிடுமா? இந்த எக்ஸிகியூட்டர் 2004இல் ஜாவா 5இல் வந்தது, இன்றுவரை இப்படியேதான் இருக்கிறது. அதற்கு முந்தைய டைமர் எவ்வளவோ மோசம்: இருப்பதே ஒரு த்ரெட், ஒரு டாஸ்க் விழுந்தால் எல்லாமே போச்சு. ஆனால் அது சாகும்போது எங்கே விழுந்தது என்று காட்டும் ஸ்டாக் ட்ரேஸையாவது கொட்டிவிட்டுச் சாகும்.

எனக்கு வயிறு எரிவது இதில்தான்: எங்கள் கோடில் பிழையைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச் இருந்தது. அது எக்ஸெப்ஷனை மட்டும் பிடித்தது. வந்து விழுந்ததோ ஸ்டாக் ஓவர்ஃப்ளோ எரர் (ஒன்றுக்குள் ஒன்றாகக் கூப்பிட்டுக்கொண்டே போய் இடம் தீர்ந்துவிடுவது). ஜாவாவில் எரர் என்பது எக்ஸெப்ஷன் வகையில் சேராது, இரண்டுக்கும் பொதுவான த்ரோயபிள் என்று போட்டிருந்தால்தான் சிக்கும். அன்று வந்த டேட்டாவை எடுத்துக் கையால் ஓட்டிப் பார்த்த பிறகுதான் இது புரிந்தது. அதற்குள் ஒரு முழு நாள் போய்விட்டது. அதுவரை எல்லோரும் த்ரெட் போதவில்லை என்று நினைத்து மேக்ஸிமம் பூல் சைஸை (த்ரெட் கூட்டத்தின் உச்ச எண்ணிக்கையை) ஏற்றிக்கொண்டிருந்தோம். இந்த வகைப் பூலில் அந்த எண்ணுக்கு எந்த வேலையும் கிடையாது, எப்போதும் வைத்திருக்கும் த்ரெட் எண்ணிக்கையான கோர் சைஸ்தான் கணக்கு. அதையும் டாகுமென்டேஷனில் எழுதி வைத்ததோடு சரி, எண்ணைக் கொடுத்தால் பேசாமல் வாங்கி வைத்துக்கொள்கிறது.

விழுந்ததை லாகில் எழுது, அடுத்த தடவை மறுபடி ஓட்டு. நான் கேட்பது இவ்வளவுதான். ஜாவாவுக்கான ஸ்பிரிங் என்ற ஃபிரேம்வொர்க் இதைத் தானாகவே செய்கிறது, அப்படியென்றால் முடியாத காரியம் இல்லையே? தொடர்ந்து ஓட்டுவது ஆபத்து என்று நினைத்தால் நிறுத்தட்டும், பரவாயில்லை. ஆனால் நிறுத்தினேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்தட்டும்!

இப்போது எங்களிடம் உள்ள ஒவ்வொரு டாஸ்கையும் த்ரோயபிள் பிடிக்கும் உறைக்குள் போட்டு, கடைசியாக எப்போது ஓடியது என்று குறித்து, பத்து நிமிடம் தாண்டினால் அலர்ட் வரும்படி வைத்திருக்கிறேன். டாஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு டாஸ்க். அதை அதே பூலில் போடவில்லை.