போப் பிரான்சிஸ் ஓரினத் திருமணத்தை அனுமதித்தாரா?

"ஓரினத் திருமணம் இனி கத்தோலிக்கக் கோவிலிலேயே நடக்கும், போப் பிரான்சிஸ் கையெழுத்துப் போட்டுவிட்டார்" என்ற வாட்ஸ்அப் செய்தி இன்னும் சுற்றுகிறது. அது தவறு.

அவர் ஒப்புதலோடு வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை 2023 டிசம்பர் 18 அன்று வெளியிட்டது ‘பிதுசியா சுப்ளிக்கான்ஸ்’ என்ற அறிக்கை. திருமணம் ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்ற போதனையில் அது கைவைக்கவில்லை.

அப்புறம் எதுதான் மாறியது? ஓரின உறவுகளுக்கு ஆசீர் தர முடியாது என்று இதே துறை 2021இல் சொல்லியிருந்தது. இப்போது ஓரின இணையர், விவாகரத்துக்குப் பின் மறுமணம் செய்தவர்கள் போன்றோர் தாங்களாக வந்து கேட்டால், குரு (பாதிரியார்) அவர்களுக்காகச் செபித்து ஆசீர் தரலாம். அவர்களுடைய உறவை அங்கீகரிப்பதாக அது ஆகாது. வழிபாட்டுச் சடங்காகவும் இருக்கக் கூடாது. திருமண உடை, சைகை, வார்த்தை எதற்கும் இடமில்லை. பதிவுத் திருமணத்தை ஒட்டியும் தரக் கூடாது. குழப்பம் பெருகியதும் 2024 ஜனவரி 4 அன்று வந்த விளக்கம், பத்துப் பதினைந்து வினாடி செபம், முடிவில் இருவர் மீதும் தனித்தனியே சிலுவை அடையாளம் என்று அளந்தே சொன்னது. இதைக் கல்யாணம் என்று எழுத நிஜமாகவே துணிச்சல் வேண்டும்!

எல்லா நாட்டிலும் இது கட்டாயம் என்பதும் சரியல்ல. தங்கள் கண்டத்தில் ஓரின இணையருக்கு இந்த ஆசீர் பொருந்தாது என்று ஆப்பிரிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) 2024 ஜனவரி 11 அன்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்புக்கும் போப்பின் இசைவு இருந்தது.