கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா?

பாலக்கோடு பக்கம் செராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயர், ஆட்கள் பெயர் வேண்டாம், அந்தக் குடும்பம் பட்டது போதும். போன வருஷம் ஒரு நாள், கடை மூடுகிற நேரத்துக்கு ஓர் அம்மா வந்தார். ஒன்பது வயதுப் பையன், பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து காணோம். கையில் ஒரு பிறந்தநாள் போட்டோ. பக்கத்தில் இருந்த கேக்கையும் சொந்தக்காரப் பிள்ளைகளையும் வெட்டிவிட்டு, பையன் முகத்தை மட்டும் வைத்து மேலே ‘காணவில்லை’ என்று அடித்தேன். அப்புறம் எல்லாரிடமும் கேட்பதையே கேட்டேன். “கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா?”

“எதுண்ணா கம்மி?” என்றார். அழவில்லை.

அவர் போனதும் எதிர் டீக்கடையில் போய்ச் சொன்னது நான்தான். “பையனைக் காணோம்னு வந்திருக்கு, இதுலயும் விலை கேக்குது.” அவ்வளவுதான் சொன்னேன். ராத்திரி பத்து மணிக்கு ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ்: செராக்ஸ் எடுக்கவே அந்தம்மா மாட்டேன் என்றுவிட்டாராம். விடிந்ததும் ஒரு யூடியூப் சேனல்காரர் மைக்கோடு அவர் வீட்டு வாசலில். “ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரலையே, ஏம்மா?” வீடியோவுக்குத் தலைப்பு, ‘மகனைத் தேட மறுத்த தாய்?’. அந்தக் கேள்விக்குறிதான் இவர்களுக்கெல்லாம் வக்கீல். எதையும் எழுதலாம், கடைசியில் அதை ஒட்டிவிட்டால் போதும்.

புருஷனுக்கு ஓசூரில் கட்டட வேலை, மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார் என்று தெரிந்ததும் கமெண்ட்டில் ஆளாளுக்கு மீதிக் கதையை எழுதினார்கள். பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று ஆள் வேலைக்குப் போகாத வீடு எங்கள் தெருவிலேயே குறைவு. எழுதியவர்களில் சிலரும் அங்கிருந்துதான் எழுதியிருப்பார்கள்.

மதியம் பையன் கிடைத்தான். அப்பாவைப் பார்க்க ஓசூர் பஸ் ஏறியிருக்கிறான், இறங்கியபின் எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற ஓர் அக்கா அவனை உட்காரவைத்து இட்லி வாங்கிக் கொடுத்து, குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போட்டிருக்கிறார். அந்த அக்காவைப் பற்றி எந்த வீடியோவும் வரவில்லை. பையன் கிடைத்த வீடியோ மட்டும் வந்தது, பெயர், பள்ளிக்கூடம், முகம் எல்லாம் போட்டு. தேடுகிறபோது போட்டோ வேண்டும், சரி. கிடைத்தபிறகு எதற்கு? பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகம் வெளியிடக்கூடாது என்று 2015ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அழாத அம்மா என்றாலே எனக்கு இப்போது லிண்டி சேம்பர்லைன் ஞாபகம் வருகிறது. 1980இல் ஆஸ்திரேலியாவில், உலுரு பாறைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தபோது அவருடைய ஒன்பது வாரக் குழந்தை அசாரியா காணாமல் போனாள். டிங்கோ என்கிற காட்டு நாய் தூக்கிப்போய்விட்டது என்றார் லிண்டி. டிவியில் அழாமல் பேசினார், அதுவே குற்றமாகிவிட்டது. குழந்தையின் பெயருக்கு ‘வனாந்தரத்தில் பலி’ என்று அர்த்தம் என்றுகூடக் கிளப்பினார்கள். அது சுத்தப் பொய். 1982இல் ஆயுள் தண்டனை. காரில் இருந்த ‘ரத்தம்’ என்று நீதிமன்றத்தில் காட்டியது, சத்தத்தைக் குறைக்கக் காருக்கு அடிக்கிற பூச்சு என்று பின்னால் தெரிந்தது. 1986இல் டிங்கோ திரியும் இடத்தில் குழந்தையின் குட்டிச் சட்டை கிடைத்தபிறகுதான் வெளியே விட்டார்கள். 1988இல் தீர்ப்பு ரத்து. தூக்கிப்போனது டிங்கோதான் என்று அதிகாரபூர்வமாகச் சொன்னது 2012இல். 32 வருஷம்! அதுவும் வாட்ஸ்அப் இல்லாத காலத்தில் தொடங்கிய கதை.

வாட்ஸ்அப் காலத்துக் கதைக்கு ஆஸ்திரேலியா வரை போக வேண்டாம். ஊத்தங்கரையைத் தாண்டினால் திருவண்ணாமலை மாவட்டம். 2018 மே மாதம், அங்கே போளூர் பக்கம், குலதெய்வம் கும்பிடப் போன 65 வயதுப் பாட்டி ஒருவர் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்தச் சமயம் எல்லார் போனிலும் சுற்றிய கடத்தல் வீடியோ, கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் வருகிற செய்தியை மட்டும் யாரோ வெட்டியிருந்தார்கள். நான் பிறந்தநாள் கேக்கை வெட்டிய மாதிரி.

அப்போ பெற்றோரை விசாரிக்கவே கூடாதா என்பீர்கள். தாராளமாக விசாரிக்கட்டும், அது போலீஸ் வேலை. குழந்தையைக் காணோம் என்று புகார் வந்தால் உடனே வழக்குப் பதிய வேண்டும், கடத்தலாக இருக்கலாம் என்றே பார்க்க வேண்டும் என்று 2013லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்டேஷனில் கேட்கிற கேள்விக்கு ஒரு வேலை உண்டு. வாசலில் மைக் நீட்டிக் கேட்பதற்கு வியூஸ் தவிர என்ன இருக்கிறது? அன்றைக்குக் காலை எங்கள் ஆட்கள் இருபது பேர் அந்த வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு ஒருத்தர் போகவில்லை. நானும் போகவில்லை.

அந்த வீடியோ இன்னும் யூடியூபில் இருக்கிறது. போட்டவர் எடுக்கவில்லை, நாமும் எடுக்கச் சொல்லவில்லை.

பையன் கிடைத்து ஒரு மாதம் கழித்து அந்த அம்மா ஆதார் நகல் எடுக்க வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை, மெஷினைப் பார்த்துக்கொண்டே அவராகச் சொன்னார். “அன்னிக்கு நூத்தி இருபது ரூபாதான் இருந்துச்சுண்ணா. கம்மி விலைன்னா இன்னும் நாலு சுவத்துல ஒட்டலாமேன்னுதான் கேட்டேன்.”

காசு வேண்டாம் என்றேன். இரண்டு ரூபாயை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.