ஆள் குறையவில்லை, தூரம் கூடிவிட்டது

மலேசியாவில், தெற்குக் கெடாவில் இருக்கிற எங்கள் கத்தோலிக்கப் பங்கின் (கோயிலைச் சேர்ந்த ஜனங்களின்) பேரவையில் போன மாதம் ஒரு பேச்சு கிளம்பியது. ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு ஆள் குறைந்துகொண்டே வருகிறதாம். அதனால் மாதம் இரண்டு ஞாயிறு மட்டும் தமிழில் வைத்துக்கொண்டு, மற்ற ஞாயிறுகளில் ஆங்கிலப் பூசையோடு சேர்த்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள். முடிவு இன்னும் எடுக்கவில்லை. எடுப்பதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பேரவையில் இருக்கிற அண்ணன்மார் அக்காமார் பாதிப் பேர் இங்கே என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறார்கள். கோபம் வந்தால் பூசை முடிந்து கேன்டீனில் தே தாரிக் குடிக்கும்போது திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

என் கட்சி இதுதான்: ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கோயிலுக்கும் நடுவில் தூரம் கூடியிருக்கிறது. அந்தத் தூரத்தைக் குறைக்க ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடச் செலவழிக்காமல், வராதவர்களை விசுவாசம் குறைந்தவர்கள் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

ஆதாரம் கேட்பீர்கள். ஜூலை மாதத்தைப் பாருங்கள். பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில் நடக்கிற புனித அன்னம்மாள் (மாதாவின் தாய்) திருவிழாவுக்கு எங்கள் பங்கு வருஷா வருஷம் பஸ் பிடிக்கிறது. பதிவு தொடங்கிய மறுவாரமே இடம் தீர்ந்துவிடும். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் யார்? ஞாயிறு பூசையில் நாம் பார்க்காத அதே முகங்கள். முட்டி வலிக்கிற பாட்டிகள், தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தங்கிவிட்ட தாத்தாக்கள், தாமான் (புதுக் குடியிருப்பு) கோடியில் மகள் வீட்டில் இருக்கிற ஆயாக்கள். ஜூலை 26 பக்கம் அந்தக் கூட்டத்தில், வெயிலில், மெழுகுவர்த்தியோடு மணிக்கணக்கில் நிற்கிறார்கள். அந்த ஆலயத்தை 2019-இல் ரோம் பசிலிக்காவாக உயர்த்தியது நமக்குப் பெருமைதான். நம் பாட்டிகளுக்கு அந்தப் பட்டம் ஒரு பொருட்டே இல்லை. அன்னம்மாளைப் பார்க்கப் போகிறார்கள், அவ்வளவுதான். இவர்களுக்கா விசுவாசம் குறைந்துவிட்டது? பஸ் வந்தது, ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் வருவதில்லை.

இந்தத் தூரம் எப்படி வந்தது என்று இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தெற்குக் கெடாவில் எங்களுடையது மாதிரி ஊர் என்றால் ஒரு கடைத்தெரு, ஒரு தமிழ்ப் பள்ளி, ஒரு போலீஸ் நிலையம், சுற்றிலும் தோட்டம். பால் மர (ரப்பர்) காலத்தில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு 500, 600 மரத்தில் பட்டை சீவிப் பால் வெட்டுவார். ஆணுக்கும் வேலை, பெண்ணுக்கும் வேலை. விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்க) போகும் அம்மாக்கள் பிள்ளைகளை ஆயக்கொட்டகையில் விட்டுப் போவார்கள். லயம் நிறைய ஜனம். மாரியம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி நம் அந்தோனியாருக்கும் ஒரு சின்னக் கோயில், தகரக் கூரையும் ஒரு மணியுமாக இருக்கும். பாதர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் செபமாலை சொல்லி, வாசகம் படித்து, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பார். அதாவது, அன்றைக்குக் கோயில்தான் ஜனங்களிடம் வந்தது.

பிறகு செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. பால் மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்ட வேண்டும். செம்பனைக் குலையைப் பத்து, பதினைந்து நாளைக்கு ஒரு சுற்று அறுத்தால் போதும். ஆள் தேவை சரிந்தது. அறுக்கவும் சுமக்கவும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். நிலத்துக்கு விலை ஏறியதும் தோட்டமே தாமானாக மாறியது. வேலை போனால் வீடும் போகும், தோட்டத்து வீடு யாருக்கும் சொந்தமில்லையே. பிள்ளைகள் சுங்கைப் பட்டாணி, கூலிம், பினாங்கு என்று ஃபேக்டரி வேலைக்குப் போனார்கள். அங்கே பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ஞாயிறு என்றும் பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டத்துச் சின்னக் கோயிலையும் இடித்தார்கள். அந்தோனியார் சுரூபம் பெரிய கோயிலுக்கு வந்து, இப்போது சாமான் அறைக்குப் பக்கத்தில் நிற்கிறது. சுரூபத்துக்கு லோரி கிடைத்தது. அதன் முன்னால் முழங்கால் போட்ட ஜனங்களுக்கு?

ஒரு பாட்டி என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன். “தம்பி, வாடகைக் காருக்குப் போக 25 வெள்ளி, வர 25 வெள்ளி கேக்குறான். பூசைக்கு ஐம்பது வெள்ளி குடுத்துட்டா காணிக்கைக்கு நான் என்னத்தப் போடுறது? வெறுங்கையோட சாமி முன்னால நிக்கச் சொல்றியா?” இதற்குப் பதில் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். எனக்குத் தெரியவில்லை.

2020 மார்ச் 18-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கோயில்களை மூடினோம். திறந்த பிறகும் முதியவர்களை வர வேண்டாம் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். அதுவரை யாராவது ஒருவரின் காரில் தொற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு அந்தப் பழக்கமும் அறுந்துபோனது. மகள் ஃபோனில் யூடியூப் பூசை போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறாள். நன்மை (நற்கருணை) வாங்க முடியாத பூசை. அதையும் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும்.

இனி செய்தி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பங்கின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவை நினைத்தால்தான் எனக்கு அதிகம் வருத்தம். 2025 மே மாதம் ரோமில் திருத்தந்தை (போப்) தேர்தல் நடந்தபோது அந்தக் குழு தூங்கவே இல்லை. நம் பினாங்கு ஆயர் கர்தினால் செபாஸ்டியன் பிரான்சிஸ் உள்ளே போகிறார், புகை கறுப்பு (இன்னும் முடிவில்லை), புகை வெள்ளை (தேர்ந்தெடுத்தாயிற்று), புதிய திருத்தந்தை பதினான்காம் லியோ என்று நிமிஷத்துக்கு நிமிஷம் படம் வந்தது. நானும் பகிர்ந்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. சுங்கைப் பட்டாணியில் பிறந்த சோத்தர் பெர்னாண்டஸ் ஆண்டகை 2016-இல் மலேசியாவின் முதல் கர்தினால் ஆனவர். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அந்தச் சிவப்புத் தொப்பியின் மேல் ஒரு சொந்தம் உண்டு.

ஆனால் அதே ஆண்டில்தான், எங்கள் கோயிலிலிருந்து 18 கிலோமீட்டரில், ஒரு பாட்டி லயத்து வீட்டில் இறந்துபோனார். சின்னக் கோயில் இருந்த காலம் முழுக்கப் பீடத்துணி துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்தவர். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பங்கள்தான் பணம் போட்டு, பெட்டி வாங்கி, அடக்கம் செய்தார்கள். அவர்களில் ஒரு அண்ணன் தமக்குத் தெரிந்த அளவுக்கு ‘பரலோகத்திலிருக்கிற’ சொன்னாராம். பங்குக்கு விஷயம் தெரியவந்தபோது நான்கு நாள் ஆகிவிட்டது. ரோமாபுரிப் புகையின் நிறம் நமக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்தது. யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்வதற்கு ஓர் ஆள் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த லயம் யாருடைய பொறுப்பு என்பதே எங்கும் எழுதப்படவில்லை, அதுதான் கொடுமை.

அன்பியம், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த சின்னக் குழு, எதற்கு இருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் பாதர்கள் பினாங்கில் ஒரு மாதம் ஒன்றாகத் தங்கி, நம் திருச்சபை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பேசினார்கள். அஜ்ஜொர்னமெந்தோ (காலத்துக்கேற்பப் புதுப்பித்தல்) என்று அதைச் சொல்வார்கள். அந்த ஒரு மாதம் பங்குகளைப் பொதுநிலையினர்தான் (பாதர் அல்லாத நம்மைப் போன்றவர்கள்) பார்த்துக்கொண்டார்கள். அங்கே முதன்மையாக வந்த விஷயங்களில் ஒன்று, சின்னச் சின்ன அடித்தளச் சமூகங்களாக நாம் வாழ வேண்டும் என்பது. 1986, 1996, 2006, 2016 என்று பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்த மேய்ப்புப்பணி மாநாடுகளிலும் அதே பேச்சு தொடர்ந்தது. சரி, எங்கள் பங்கில் அன்பியங்களைப் பிரித்திருக்கும் வரைபடத்தைப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு தாமானுக்கும் ஒன்று இருக்கிறது. மிச்சமிருக்கிற லயங்கள் எதிலும் இல்லை. கூட்டம் செபத்தில் தொடங்கிப் பிரியாணியில் முடிகிறது. பிரியாணியின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, நன்றாகவே இருக்கும்.

திருச்சபைச் சட்டத்தில் 529 என்று ஒரு பிரிவு இருக்கிறது. பங்குத்தந்தை தம் மக்களை அறிந்திருக்க வேண்டும், வீடுகளுக்குப் போக வேண்டும், ஏழைகளையும் துன்பப்படுகிறவர்களையும் தனியாகக் கிடப்பவர்களையும் ஊர்விட்டு வந்தவர்களையும் தேடிப் போக வேண்டும் என்கிறது. நம் பாதர் ஒற்றை ஆள். தமிழ், ஆங்கிலம், மலாய், மாண்டரின் என்று நான்கு மொழிப் பூசை, கட்டடக் கமிட்டி, ஆஸ்பத்திரி, இழவு வீடு எல்லாம் அவர் தலையில். அவரால் எல்லா லயத்துக்கும் போக முடியாது என்பது எனக்குப் புரிகிறது. அதற்காகத்தானே நாம் இருக்கிறோம். 1880-களில் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியமர்த்திய பிரெஞ்சுப் பாதர் ஃபே காலத்திலும் பாதர்கள் எண்ணிக்கை சொற்பம்தான். காரும் கிடையாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இளையோருக்குத் தமிழ் வாசிக்க வராது என்பது உண்மை. தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகள் திரையில் ரோமன் எழுத்தில் போட்டால்தான் தமிழ்ப் பாட்டுப் பாடுகிறார்கள். சில பெரியவர்கள் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். பிள்ளை வாயில் தமிழ் வருகிறதா இல்லையா, அதைப் பாருங்கள் என்பேன் நான். ஆனால் பூசையைச் சேர்த்துவிட்டால் நடக்கப்போவது என்ன? பிள்ளைகள் ஏற்கெனவே ஆங்கிலப் பூசைக்குத்தான் போகிறார்கள், அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஒரு முதல் வாசகமும் தியானப் பாட்டும் தமிழில் வரும், பிரசங்கம் ஆங்கிலத்தில் ஓடும். பாவம், எங்கள் பாட்டிகள் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த வருஷம் அவர்களும் வரமாட்டார்கள். அப்போது “பார்த்தீர்களா, தமிழ் கேட்டு யாரும் வரவில்லை” என்று ஒரு அறிக்கை வரும்.

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். போன திருவிழாவுக்குத் தேர் அலங்காரத்துக்கும் புது எல்.இ.டி. திரைக்கும் எவ்வளவு ஆனது என்று அறிவிப்புப் பலகையில் நாமே ஒட்டினோம். தேர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதா தேரில் வரும்போது எனக்கும் தொண்டை அடைக்கும். ஒவ்வொரு பங்குக்கும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ‘முதியோர் பயணம்’ என்று ஒரு வரி சேருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வேன் வாங்குவது பெரிய வேலை. சாலை வரி, இன்சூரன்ஸ், யார் ஓட்டுவது, எங்கே நிறுத்துவது என்று பேசியே இரண்டு கிறிஸ்துமஸ் போய்விடும். அதனால் காரில் தொடங்கலாம். ஒவ்வொரு அன்பியமும் ஒரு லயத்தை, அல்லது தூரத்துத் தாமான் ஒன்றைத் தத்தெடுக்கட்டும். ஞாயிற்றுக்கு இரண்டு கார், முறை வைத்து. ரோன்95 பெட்ரோல் 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து மானிய விலையில் லிட்டர் 1.99 வெள்ளிக்குக் கிடைக்கிறது. 18 கிலோமீட்டர் போய்க் கூட்டிவந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டுவர ஏறக்குறைய பத்து வெள்ளி ஆகும். அந்த லயத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது கார் ஓட்டுகிறவருக்குப் போகிற வழியிலேயே தெரிந்துவிடும். அதைப் புலனக் குழுவில் போடுங்கள், காலை வணக்கப் பூப் படங்களுக்கு நடுவில் உருப்படியாக ஒன்று இருக்கட்டும்.

அப்புறம், அதே செம்பனைத் தோட்டங்களில் புளோரஸ் தீவிலிருந்து வந்த தம்பிகள் இருக்கிறார்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். மலாய்ப் பூசை நாளில் அவர்களையும் ஏற்றிக்கொள்ளலாம். அவர்கள் பாட ஆரம்பித்தால் கூரை அதிரும், நம் பாடகர் குழு கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். இது பற்றித் தனியாக இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பேரவைக்கு என் வேண்டுகோள்: இப்படி ஆறு மாதம் ஓட்டிப் பார்ப்போம். அதன் பிறகு தலையை எண்ணுங்கள். அப்போதும் பெஞ்சு காலியாக இருந்தால், மாதம் இரண்டு பூசை என்ற தீர்மானத்துக்கு நானே முதலில் கை தூக்குகிறேன். அதுவரை தமிழ்ப் பூசை நேரத்தில் கை வைக்க வேண்டாம்.

ஞாயிறு காலை காரில் இடம் இருப்பவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள், எத்தனை பேரை ஏற்றலாம் என்று கீழே எழுதுங்கள். லயத்தில் யாரையாவது தெரிந்தவர்கள் பெயரையும் நம்பரையும் இங்கே போடாமல் எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். என் மைவி காரில் நான்கு இடம் இருக்கிறது. முன்சீட்டு மட்டும் ஏற்கெனவே போய்விட்டது. வாடகைக் கார்க் கணக்குச் சொன்ன பாட்டிக்குக் கால் நீட்ட இடம் வேண்டுமாம்.