மத்தியானம் ரெண்டு மணிக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்?

வியாழக்கிழமை ஆனால் போதும், எந்த சீரியலை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்கிற டிஆர்பி பட்டியல் முகநூலில் சுற்ற ஆரம்பித்துவிடும். எது முதலிடம், எது இறங்கியது, எந்த நாயகி எந்த நாயகியை முந்தினாள் என்று கமெண்ட்டில் ஒரே ரகளை. அந்தப் பட்டியலின் முதல் பத்து இடத்தில் ஒரு மத்தியானத் தொடரைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. இருப்பதெல்லாம் விளக்கு வைத்த பிறகு வருபவைதான்.

மத்தியான ரேட்டிங் ஏன் இப்படி விழுந்தது என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "கதையில சரக்கு இல்ல, இழுக்கிறாங்க." எப்போது இழுக்காமல் இருந்தார்கள்? சன் டிவியில் 'சந்திரலேகா' 2014 அக்டோபரில் தொடங்கி 2022 அக்டோபர் வரை ஓடியது. எட்டு வருஷம், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எபிசோடு. இழுக்காமல் எட்டு வருஷம் ஓட்ட முடியுமா? இழுத்தார்கள், பார்த்தோம். ஆகவே இழுவையைக் குற்றம் சொல்பவர்கள் மத்தியானத் தொடரை ஒரு நாளும் ஒழுங்காகப் பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம்.

எங்கள் பக்கத்தை வைத்தே சொல்கிறேன். நீடாமங்கலம், கொரடாச்சேரி, மன்னார்குடி சுற்றுவட்டாரம். நடவுக்குப் போகிற பெண்கள் பொழுது விடிய வயலில் இறங்கினால் மத்தியானத்துக்குள் கரையேறிவிடுவார்கள். குளித்து, சாப்பிட்டு, காலை நீட்டி உட்கார ஒரு ரெண்டு மணி நேரம் கிடைக்கும். முதலில் அந்த நேரத்தில் டிவி இருந்தது நாலு வீட்டில்தான். 2006இல் கலைஞர் அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்த பிறகு காலனியிலும் குடியானத் தெருவிலும் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. 2011இல் அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு வந்தது. அதே வருஷம் ஜெயலலிதா அரசின் மிக்சியும் கிரைண்டரும் வந்து, அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் போய்க்கொண்டிருந்த நேரத்தைத் திருப்பிக் கொடுத்தன. ஆக பெட்டியைக் கொடுத்தது ஒரு கட்சி, அதைப் பார்க்க நேரத்தைக் கொடுத்தது இன்னொரு கட்சி. மத்தியானத் தொடர்களின் பொற்காலத்துக்கு ரெண்டு பேருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

அந்தத் தொடர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் முக்கியம். பார்க்கவே இல்லை, கேட்டார்கள். எங்கள் சித்தி கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே ஒரு எபிசோடு முழுவதையும் முடித்துவிடுவார். வில்லி வந்தால் ஒரு இசை, மாமியார் ஒட்டுக் கேட்டால் ஒரு இசை. சலங்கையும் உடுக்கையும் சேர்ந்து அடித்தால்தான் சாம்பல் கையோடு எழுந்து கூடத்துக்கு ஓடி வருவார். அதற்குள் ஒவ்வொரு முகமாக மூன்று மூன்று தடவை காட்டி முடித்திருக்க மாட்டார்கள், அதனால் எதுவும் தவறாது. கேலி செய்கிறோமே அந்த மூன்று தடவை முகம் காட்டுவதை, அது கொல்லையிலிருந்து கூடத்துக்கு வருகிற தூரத்தைக் கணக்குப் போட்டு வைத்தது என்றே நான் நம்புகிறேன். வசனமும் அப்படித்தான். "நீ என் புருஷனோட தம்பி பொண்டாட்டி, இந்த வீட்டு ரெண்டாவது மருமக" என்று எந்தக் குடும்பத்திலாவது ஒருத்தி இன்னொருத்தியிடம் முழுசாகச் சொல்வாளா? அடுப்படியில் நிற்பவளுக்கு யார் பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டாமா, அதற்காகச் சொல்கிறாள்.

ரேட்டிங் எடுக்கும் முறையிலும் வேடிக்கையாக அதே விஷயம் இருக்கிறது. பார்க் என்கிற அமைப்பு 2015லிருந்து இந்தக் கணக்கை வெளியிடுகிறது. சேனல் அனுப்பும் சத்தத்துக்குள் நம் காதில் விழாத ஒரு குறியீட்டைப் பதித்துவிடுகிறார்கள். வீட்டில் வைத்திருக்கும் மீட்டர் அதைக் கேட்டு எந்த சேனல் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும். மீட்டரும் எங்கள் சித்தி மாதிரி காதால்தான் சீரியல் பார்க்கிறது! கூடவே ஒரு ரிமோட், வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டன். டிவி முன்னால் உட்கார்ந்தால் அமுக்க வேண்டும். இந்தியா முழுக்க ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில் இந்த மீட்டர் இருக்கிறது, எந்த வீடு என்பது ரகசியம். நடவு முடித்து வந்தவர் உட்காரும்போதும் எழும்போதும் பட்டனைத் தேடி அமுக்கிக்கொண்டிருப்பார் என்று யார் நம்புகிறார்களோ அவர்கள் நம்பட்டும்.

கதை மெதுவாகப் போவதால் ஆள் குறைகிறது என்பவர்களுக்கு இன்னொன்று. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கமெல்லாம் மின்கம்பங்கள் சரிந்து, உள்கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட எங்கள் அக்கா, கரண்ட் வந்த அன்று டிவியைப் போட்டுவிட்டு போனில் சொன்னது: "அதே ஆஸ்பத்திரி, அதே கட்டில், இன்னும் கண்ணு முழிக்கல." தென்னை போய், ஓடு போய், இருந்ததெல்லாம் போன வீட்டில் அன்றைக்கு அது ஒன்றாவது விட்ட இடத்தில் இருந்தது. மெதுவான கதையின் அருமை அப்படிப்பட்ட நாளில்தான் தெரியும்.

சரி, அப்புறம் ஆள் எங்கே போனது? வேலைக்குப் போயிருக்கிறது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரியிலிருந்து மொபைல் ஆப்பில்தான் வருகைப்பதிவு, காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ என்று கட்டாயமாக்கினார்கள். முன்பு வேலையை முடித்தவர்கள் கிளம்பி வந்துவிடுவார்கள். பிறகு ரெண்டாவது போட்டோவுக்காக வாய்க்கால் கரையிலேயே காத்துக் கிடக்க வேண்டியதாயிற்று. சீரியல் நேரம் அங்கே போய்விட்டது. நடவுக்கு மெஷின் வந்துவிட்டது. மெஷின் இறங்காத வயலுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வந்து கயிறு பிடித்து நட்டுக் கொடுக்கிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. காலையில் எங்கள் ஸ்டாப்பில் நின்று பாருங்கள். கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி ஜவுளிக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வேலைக்குப் போகிற பெண்கள் டிபன் கேரியரோடு நிற்பார்கள். பஸ் காசு இல்லை என்றதும் கைக்கு நிற்கிற சம்பளம் கூடியது, வீட்டில் மறுப்புச் சொல்ல ஒரு காரணம் குறைந்தது. இவர்கள் வீடு திரும்பும்போது மத்தியானத் தொடர் முடிந்து நாலைந்து மணி நேரம் ஆகியிருக்கும். இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ரேட்டிங் விழுவது நல்ல செய்தியாகவும் இருக்கலாம் என்று யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

போனையும் சொல்லாமல் விட முடியாது. ஊரடங்கில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய போன், வகுப்பு முடிந்த பிறகு அம்மா கைக்கு வந்துவிட்டது. ரெண்டு போனுக்கு ரீசார்ஜ் செய்த மாசத்தில் டிஷ்ஷுக்குப் பணம் கட்ட மனசு வராது. என் ஓரகத்தி முழு எபிசோடு பார்ப்பதே கிடையாது. "புரோமோ பார்த்துட்டேன்க்கா, அதுக்கு மேல அதுல ஒண்ணும் இருக்காது" என்பாள். அவள் சொல்வது சரிதான், சேனல்காரர்களே அப்படித்தான் புரோமோ வெட்டுகிறார்கள். ஆனால் போன் கண்ணைக் கேட்கும். பாத்திரம் துலக்கிக்கொண்டே அதைப் பார்க்க முடியாது. காதுக்காகக் கட்டிய ஒரு கலையைக் கண்ணுக்கான திரையில் வைத்துப் பார்த்தால் இழுவையாகத்தான் தெரியும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் 'கைடிங் லைட்' என்ற பகல் நேரத் தொடர் 1937இல் வானொலியில் தொடங்கி, டிவிக்கு மாறி, 2009இல்தான் முடிந்தது. எழுபத்திரண்டு வருஷம். அங்கேயும் பகலில் வீட்டில் இருந்த பெண்கள் வேலைக்குப் போனது ஒரு பெரிய காரணம். 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' என்ற இன்னொரு பகல் நேரத் தொடரை 2022இல் டிவியிலிருந்து எடுத்து இணையத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள்.

இப்போது மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்கள் தெருவில் டிவி சத்தம் கேட்கும் வீடுகள் எவை தெரியுமா? அப்பாயிகளும் அம்மாச்சிகளும் இருக்கிற வீடுகள். கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள், மூட்டுவலியில் வெளியே போக முடியாதவர்கள். மகன் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ, மருமகள் ஜவுளிக்கடையில், பேரன் ஸ்கூலில். அவர்களுக்கு அந்தத் தொடர்தான் பகல் முழுக்க மனுஷ சத்தம். ஆனால் சோப்பும் நகையும் விற்பவனுக்கு எழுபது வயதுக்காரியால் என்ன லாபம்? அதனால் அந்த நேரத்தில் செலவு செய்ய யாரும் தயாரில்லை. ஒரே வீடு, ஒரே சோபா, கோயில் காட்சி என்றால் பழைய காட்சியை வெட்டி ஒட்டுவது. அது அவர்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள், தெரியும்.

எனக்கு இருக்கிற ஒரே கோபம் முடிக்கும் விதத்தில்தான். ரேட்டிங் இறங்கியதும் மேலிடத்திலிருந்து ஒரு வார்த்தை வரும் போல. வருஷக்கணக்காகக் கொலைக்குத் திட்டம் போட்ட வில்லி வியாழக்கிழமை மனம் திருந்துவாள், வெள்ளிக்கிழமை காணாமல் போன குழந்தை கிடைக்கும், சனிக்கிழமை குரூப் போட்டோ, வணக்கம். திங்கட்கிழமை அதே நேரத்தில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்திருக்கும். எதிர்வீட்டு அப்பாயி ஒருமுறை என்னிடம் கேட்டது: "அந்தப் பொண்ணு இத்தினி வருசம் அழுதுச்சே, ஒரு வாரமாவது அத சந்தோசமா வச்சிருந்துட்டு முடிச்சா என்னடி அவனுவளுக்கு?"