கை தூக்கினா மட்டும் உபவிதி ஆகாது
அண்ணை, "போன கூட்டத்திலை பிரதேச சபை உபவிதியை மாத்திப் போட்டுது, நாளையிலயிருந்து அமுல், இனி ஆரும் கேக்கேலாது" எண்டு நீங்கள் போட்டது பிழை. உபவிதி எண்டா சபை தன்ரை பகுதிக்குப் போடுற விதி. உறுப்பினர்மார் கை தூக்கினா அது தீர்மானம் மட்டும்தான், மேல அங்கீகாரம் கிடைச்சு அரசாங்க வர்த்தமானியிலை வந்தாத்தான் உபவிதி செல்லும், எங்கட வன்னிப் பிரதேச சபையளுக்கு 1987 ஆம் ஆண்டின்ரை 15 ஆம் இலக்கச் சட்டம் அதைத்தான் சொல்லுது. புதுக் கட்டணம் வந்திடுமெண்ட உங்கட பயம் நியாயம், எனக்கும் இருக்கு. சந்தையிலை சாக்கை விரிச்சுக் கீரை விக்கிற அம்மாவிட்டை நாளைக்கு ஆரும் புதுக் கட்டணம் எண்டு வந்தா வர்த்தமானி இலக்கத்தைக் கேக்கச் சொல்லுங்கோ, பற்றுச்சீட்டு இல்லாமக் காசு குடுக்க வேண்டாம். வரைவைப் பாக்கோணுமெண்டா 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி சபையின்ரை தகவல் அலுவலரிட்டை எழுதிக் குடுங்கோ, தரலாமோ இல்லையோ எண்டு 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லோணும்.